ஆமென்னுக்குப் பிறகு

மே 1, வெள்ளி

இந்த டைரி அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அப்பா உடற்கல்வி ஆசிரியர். பாளையங்கோட்டையில் அவருடைய விசிலுக்குப் பயப்படாத பையன் கிடையாது. எழுதுகிற பழக்கம் அவருக்கு இல்லாததால் நாலு மாதம் மேசை இழுப்பறையில் கிடந்துவிட்டு இன்று என்னிடம் வந்திருக்கிறது. ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை ஏதாவது உருப்படியாகச் செய்யட்டும் என்று அம்மா சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. ஆண்டவரிடம் சொன்னாள்.

இதை விளக்கியாக வேண்டும். எங்கள் வீட்டில் முக்கியமான எதையும் யாரும் யாரிடமும் நேரே சொல்வதில்லை. சாயங்காலம் ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு வேதபாடம், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு ஜெபம். எல்லாம் அதில்தான் வரும். போன மாதம் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டது என் தம்பி ஆசீர். அம்மா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெபத்தில், "ஈரத் துண்டைக் கட்டிலின்மேல் போடுகிற பிள்ளைகளுக்கு நல்ல புத்தியைத் தாரும் ஆண்டவரே" என்றாள். வழக்கமாக எட்டு விநாடியில் ஜெபத்தை முடிக்கிற ஆசீர் மறுநாள், "கொடி முழுவதும் தங்கள் சேலையையே காயப்போடுகிறவர்களையும் நீர் கண்ணோக்கிப் பாரும்" என்று பதில் கொடுத்தான்.

அப்பா அம்மாவிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. "அவசரப்பட்டு அடியேன் பேசின வார்த்தைகளைப் பாராட்டாதேயும் தகப்பனே" என்பார். ஜெபம் முடிந்ததும் அம்மா எழுந்துபோய் அவருக்குக் காப்பி போடுவாள். சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

இதற்கு ஒரே ஒரு சட்டம். ஆமென் சொன்ன பிறகு அதைப் பற்றிப் பேசக் கூடாது. ஜெபத்தில் சொன்னது ஆண்டவருக்குச் சொன்னது. மற்றவர்கள் காதில் விழுந்தது தற்செயல்.

இது என்ன கூத்து என்று என் தோழிகள் சிரிப்பார்கள். எனக்கு இது பிடித்துத்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் எங்கள் நாலு பேருக்கும் தைரியம் வந்துவிடும்.

என் பெயர் எப்சிபா. வீட்டில் எப்சி. ஜெபத்தில் மட்டும் முழுப்பெயர் வரும். முழுப்பெயர் காதில் விழுந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

மே 2, சனி

பியூலா வந்துவிட்டாள். தூத்துக்குடிச் சித்தியின் மகள். எனக்கும் அவளுக்கும் பதினைந்து நாள்தான் வித்தியாசம், வேதத்தில் ஒரே வசனத்தில் வருகிற இரண்டு பெயர்களை ஆளுக்கொன்றாக வைத்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. இங்கேயே காது கேளாதோர் பள்ளியில், ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். இப்போது ஆறு வாரம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகப்போகிறாள். விடுமுறைக்கு ஹாஸ்டலைப் பூட்டிவிட்டதால் எங்கள் வீட்டில் தங்குகிறாள்.

சின்ன வயதிலிருந்து லீவுக்கு லீவு அவளோடு கிடந்ததில் எனக்குச் சைகை தெரியும். வீட்டில் மற்றவர்களுக்கு அவளைப் பார்த்துச் சிரிக்கத் தெரியும், இன்னும் கொஞ்சம் சோறு வைக்கத் தெரியும்.

ஜெபத்தில் நாங்கள் கண்ணை மூடியதும் என் முழங்காலைத் தட்டினாள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று கையால் கேட்டாள்.

"ஜெபம்."

"அது தெரிகிறது. என்ன ஜெபம்?"

இத்தனை வருடத்தில் இதை அவள் கேட்க நாங்கள் இடம் கொடுத்ததில்லை. நான் கண்ணைத் திறந்துகொண்டு அம்மா சொல்வதைக் கையால் சொல்ல ஆரம்பித்தேன். அதனால் இன்றுதான் என் குடும்பம் ஜெபிக்கிறதை முதல்முறையாகப் பார்த்தேன். அம்மாவின் புருவம் ஏறி இறங்குகிறது. அப்பா வாட்சைத் திருகிக்கொண்டே இருக்கிறார். ஆசீர் வாயில் முறுக்கு.

அம்மாவின் ஜெபத்தில் பியூலாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. மெலிந்து போயிருக்கிறாளாம், நன்றாகச் சாப்பிட வேண்டுமாம். பியூலா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா கண்ணை மூடியபடியே, "சிரிக்கிற பிள்ளையையும் ஆசீர்வதியும்" என்றாள். அதையும் சொன்னேன்.

மே 4, திங்கள்

கம்ப்யூட்டர் சார் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவள் அவர் முதுகைப் பார்த்து என்ன செய்வாள்? வழி காட்டப் போன நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நீ யாரும்மா?" என்றார்.

"இவளுக்குச் சொல்லுத ஆளு சார்."

"மவுஸைப் பிடிங்க" என்று அவர் சொன்னார். யோசிக்காமல் எலி என்று சைகை காட்டினேன். பியூலா இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள். வகுப்பே சிரித்தது, சாரும் சிரித்தார். நாளை முதல் நானும் தினமும் வரலாம் என்று சொல்லிவிட்டார்.

மே 6, புதன்

பியூலா எல்லோருக்கும் சைகைப் பெயர் வைத்துவிட்டாள். அப்பாவுக்கு விசில் ஊதுவது. ஆசீருக்கு மெல்லுவது. அம்மாவுக்குக் காதைத் திருகுவது. அம்மாவிடம் அதைக் காட்டி, "இதாம்மா நீங்க" என்று நான் சொன்னதற்கு, "நான் எப்பட்டி யார் காதத் திருகினேன்?" என்று கேட்டுக்கொண்டே ஆசீரின் காதைத் திருகினாள். எனக்கு என்ன பெயர் என்று கேட்டேன். யோசித்துக்கொண்டிருக்கிறாளாம்.

மே 8, வெள்ளி

ரிசல்ட். 512. அப்பா தெருவில் நின்று ஒரு விசில் ஊதினார். நாலு வீட்டு நாய் குரைத்தது.

ஜெபத்தில் அம்மா, "எப்சிபாவைச் சீக்கிரத்திலே வெள்ளை உடுப்பிலே காணப்பண்ணும்" என்றாள். மாவு ஆட்டினேன். கரண்டு போய்விட்டதால் பாதி மாவு குருணையாக இருக்கிறது.

மே 10, ஞாயிறு

கோயில் முடிந்ததும் ஐயரம்மா, அதாவது எங்கள் சபைப் போதகரின் மனைவி, என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "என்ன நர்ஸம்மா, இன்டர்வியூ எப்ப?"

சபையில் என்னை யாரும் எப்சி என்று சொன்னதில்லை. நர்ஸ் பிள்ளை. ஞாயிறு பள்ளியிலேயே எனக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. கிறிஸ்மஸ் நாடகத்தில் எல்லோரும் தேவதூதராக வரும்போது நான் ஒருத்திதான் தலையில் நர்ஸ் தொப்பியோடு நின்றேன். பெத்லகேமில் நர்ஸ் எங்கிருந்து வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

காரணம் இதுதான். நான் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டேன். மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தேன். கையளவுதான் இருந்தேனாம். டாக்டர்கள் உறுதி சொல்லாத ஒரு நாளில் அம்மா அந்தப் பெட்டிக்கு முன்னால் முழங்கால்படியிட்டு, இந்தப் பிள்ளை பிழைத்தால் இதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக உமக்கே கொடுப்பேன் என்று பொருத்தனை பண்ணினாள். நான் பிழைத்தேன். ஜூன் வந்தால் பதினெட்டு.

நல்ல பொருத்தனைதான். எனக்கு நர்சிங் பிடிக்கவில்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை. இங்கே எழுதவும் இல்லை.

மே 12, செவ்வாய்

வகுப்பு முடிந்து பியூலா தன் பழைய பள்ளிக்குச் சான்றிதழ் வாங்கப் போனாள். நானும் போனேன். விடுமுறையிலும் பக்கத்துத் தெருக்களிலிருந்து ஏழெட்டுச் சின்னப் பிள்ளைகள் விளையாட வந்திருந்தார்கள். ஒரு பெண் குழந்தை என்னிடம் வந்து மடமடவென்று கையால் ஏதோ சொன்னது. அதன் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். எந்த நாய், எந்தப் பக்கம், என்ன நிறச் செருப்பு என்று எல்லாம் கேட்டேன். ஒரு மணி நேரம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. செருப்பு கிடைக்கவில்லை.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் இருந்தது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பயிற்சி. இரண்டு வருடப் படிப்பு. விண்ணப்பம் ஆபீசில் கிடைக்கும், தாய் தந்தை இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், கடைசி நாள் மே 29.

சும்மா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். யாருக்காவது உதவும்.

மே 13, புதன்

அலமாரியில் என் பாவாடைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எலி கடிக்காமல் இருப்பதற்காக.

மே 17, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன்.

நர்சிங் கல்லூரியிலிருந்து இன்டர்வியூ கடிதம் வந்திருக்கிறது, ஜூன் 3. அம்மா கடிதத்தை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஜெபத்தில், "ஆண்டவரே, அந்த நாளிலே எப்சிபாவுக்குத் தயவு கிடைக்கப்பண்ணும். அவள் முழு மனதோடே இந்த ஊழியத்துக்குப் போகும்படி கிருபை செய்யும்" என்றாள்.

முழு மனதோடே என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது. எல்லோருக்கும் கண் மூடியிருந்தது. பியூலா மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மேலே மேலே சொல்லிக்கொண்டே போனாள். என் கை வேறு ஒன்றைச் சொன்னது. "எப்சிபாவுக்கு நர்சிங் வேண்டாம். அவளுக்கு வேறு ஆசை இருக்கிறது. அதை அவளுக்குக் கொடும்."

அம்மாவின் உதட்டில் ஆமென் வந்ததும் பியூலா வாய்விட்டு, சத்தமாக, "ஆமேன்!" என்றாள். அவள் குரலை நாங்கள் கேட்பதே அபூர்வம்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தோசை ஊற்றும்போது அப்பாவிடம், "காது கேக்காத பிள்ளைக்கே என் ஜெபம் கேட்டுருக்கு பாத்தீங்களா" என்றாள். எனக்கு ஒரு தோசைக்கு மேல் இறங்கவில்லை. வெயில் காலத்தில் எனக்குப் பசிக்காது.

மே 18, திங்கள்

பியூலாவுக்குக் கோபம். மொட்டைமாடியில் வத்தல் காயப்போடும்போது பிடித்துக்கொண்டாள். நர்ஸ் என்ற வார்த்தையை உதட்டில் கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியுமாம். அதைச் சொல்லும்போதெல்லாம் பெரியம்மா முகம் மலர்வதையும் பார்த்திருக்கிறாளாம். ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தாளாம், பெரியம்மா அப்படி ஜெபித்திருக்கவே முடியாதாம்.

"பெரியம்மா வாயில் உன் வார்த்தையை வைத்தாய்" என்றாள். "என்னிடம் எல்லோரும் பாதிதான் சொல்வார்கள். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஒன்றுமில்லை என்று ஒரு கையசைப்பு. நீ ஒருத்திதான் முழுசாகச் சொல்கிறாய் என்று நினைத்தேன். நான் அதற்கு ஆமென் வேறு சொன்னேன்."

யாரும் என்னை இப்படித் திட்டியதில்லை. எங்கள் வீட்டில் திட்டு எல்லாம் மேலே போய்த்தான் கீழே வரும். நான் அழுதேன். இனி கேட்டதை அப்படியே சொல்வேன், கண்டதை அப்படியே சொல்வேன், ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று சத்தியம் செய்யப் போனேன். சத்தியம் வேண்டாம், சொன்னால் போதும் என்றாள்.

பிறகு கேட்டாள்: "வேறு ஆசை என்ன?"

அவளை அலமாரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தாள். "பெரியம்மாவிடம் கேள்" என்றாள்.

எப்படிக் கேட்பது? ஜெபத்தில் சொல்லலாம் என்றால், இது துண்டுச் சமாச்சாரம் இல்லை. அம்மா ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு. அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு, அதை நான் நிறைவேற்ற மாட்டேன் என்பதா? எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைப் பிழைக்கவைத்ததே நர்ஸாவதற்குத்தான் என்றால், நர்ஸாகாத என்னை அவர் என்ன செய்வார்? நர்ஸ் பிள்ளை இல்லையென்றால் நான் யார்?

மே 21, வியாழன்

தண்ணீர் வந்தது. நாற்பது குடம். விண்ணப்பத்துக்கு இன்னும் எட்டு நாள்.

மே 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் பியூலா கையைத் தூக்கினாள். இன்றைக்குத் தானும் ஜெபம் பண்ண வேண்டும், எப்சி அதைக் குரலில் சொல்லட்டும் என்றாள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பண்ணட்டும்மா, பண்ணட்டும். ஏலே ஆசீர், முறுக்க வைலே." எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

அவள் கையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

"ஆண்டவரே, நான் பியூலா. உமக்குக் காது கேட்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணும் தெரியும்தானே? என் கையைப் பாரும். இந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், பேச்சும் கொடுத்தார்கள். ஸ்தோத்திரம். என் ஜெபம் எனக்காக இல்லை. எப்சிபாவுக்காக."

அவள் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. நான் தலையசைத்த பிறகுதான் கை மறுபடி எழுந்தது.

"எப்சிபா நர்சிங் படிக்க விரும்பவில்லை. அவளுடைய அலமாரியில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. என்னைப் போன்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற படிப்பு. வெள்ளிக்கிழமை கடைசி. அப்பா அம்மா கையெழுத்து வேண்டும். அவள் கேட்க மாட்டாள். அவளுக்குப் பயம்."

"இது யாரு சொல்லுதா?" அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஜெபத்துக்கு நடுவில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"பியூலா சொல்லுதாம்மா."

"பியூலா சொல்லுதாளா, நீ சொல்லுதியா?"

"அவ கை சொல்லுது. என் வாய் சொல்லுது." என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை. "ரெண்டும் நெசந்தாம்மா."

பியூலா கையை இறக்கவில்லை. நானும் பாக்கியைச் சொன்னேன். "அவளுக்குப் பெரியம்மாவிடம் பயம். அதைவிட உம்மிடம் பயம். நீர் அவளைப் பிழைக்கவைத்துவிட்டு ஏமாந்துபோவீர் என்று நினைக்கிறாள். நீர் அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் நினைக்கிறேன். ஆமென்."

முடிவு ஜெபம் அப்பாவுடையது. பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஜெபிக்கிறவர், "ஆண்டவரே" என்றார், தொண்டையைக் கனைத்தார், மறுபடியும் "ஆண்டவரே" என்றார், அதோடு ஆமென் சொல்லிவிட்டார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். யாருக்கும் காப்பி வரவில்லை.

மே 25, திங்கள்

அம்மா எல்லா வேலையும் செய்கிறாள். சாம்பாரில் உப்பு இல்லை. ஜெபத்தில் தன் முறை வந்ததும், "நீங்க பண்ணுங்க" என்று சொல்லிவிட்டாள்.

மே 26, செவ்வாய்

இன்றும் "நீங்க பண்ணுங்க". இன்றும் உப்பு இல்லை. ஆசீர் மட்டும் தன் எட்டு விநாடியை நீட்டி, "அம்மாவைப் பேசவையும் ஆண்டவரே, உப்பும் போடவையும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பியூலாவுக்கு அதைச் சொன்னேன், அவளும் சிரிக்கவில்லை. தப்புச் செய்துவிட்டேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

மே 27, புதன்

காலையில் அப்பா என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சுற்று நடந்தோம். இரண்டாவது சுற்றில் பேசினார்.

"ஒனக்கு இருக்க ஆசைக்கு நான் இப்பமே கையெழுத்துப் போட்டுருவேன் எப்சி. ஆனா அவ போடாம நான் மட்டும் போட்டா அது கள்ளக் கையெழுத்து மாதிரி."

"தெரியும்பா."

"நீ பொறந்தப்ப நான் ஸ்கூல் பிள்ளைகள ஸ்போர்ட்ஸுக்குக் கூட்டிட்டு மதுரைக்குப் போயிருந்தேன். மறுநாள்தான் வந்தேன். அந்தப் பொருத்தனை பண்ணும்போது அவ பக்கத்துல யாருமே இல்ல. அவளும் ஆண்டவருமா பேசி முடிச்சிக்கிட்டாங்க. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு நடுவுல போவேன்?"

இதை அவர் எந்த ஜெபத்திலும் சொன்னதில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, பகல் வெளிச்சத்தில், என்னிடம் சொன்னார். திரும்பும்போது இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

மே 28, வியாழன்

இன்றும் அம்மா ஜெபிக்கவில்லை. அப்பா ஆமென் சொன்னதும் எல்லோரும் எழுந்தோம்.

"உக்காருங்க" என்றாள் அம்மா.

உட்கார்ந்தோம். ஆசீர் பழக்கதோஷத்தில் கண்ணை மூடினான்.

"கண்ணத் தொறலே. ஆண்டவர்கிட்டப் பேசல, ஒங்ககிட்டப் பேசுதேன். எப்சி, நான் சொல்லச் சொல்ல பியூலாவுக்குக் கையில சொல்லிட்டே வா. ஒண்ணும் விட்டுறாத."

"சரிம்மா."

"ஒன்னைய அந்தப் பெட்டிக்குள்ள பாத்தப்ப எனக்கு ஒண்ணுந் தெரியல. என்னத்தையாவது குடுத்து ஒன்னைய வாங்கிறணும்னு இருந்துச்சு. என்கிட்ட இருந்தது நீ ஒருத்திதான். ஒன்னையே குடுத்து ஒன்னைய வாங்கினேன்." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நாலு நாளா யோசிச்சிப் பாக்கேன். வாக்குக் குடுத்தது நான். ஒன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, கேக்கவும் முடியாது, நீ இத்தனூண்டு கெடந்த. நான் வாக்குக் குடுத்துட்டு, நீ போயி நிறைவேத்துன்னு ஒன்னைய அனுப்பிட்டு, நான் இங்க வீட்ல நிம்மதியா ஒக்காந்துருக்கப் பாத்தேன். அது என்ன பொருத்தனை? அதனால நான் போறேன்."

"எங்க?" என்றார் அப்பா.

"ஆஸ்பத்திரிக்கு."

"ஒனக்கு என்னம்மா செய்யுது?" ஆசீர் பதறிவிட்டான்.

"ஒண்ணும் செய்யல, வாய மூடு. இன்னைக்குப் போயி கேட்டுட்டு வந்துட்டேன். கொறமாசப் பிள்ளைக வார்டுல தாய்மாருக்குக் கூடமாட நிக்க, துணி மடிக்க, வெந்நி வச்சிக் குடுக்க ஆளு வேணுமாம். வாரத்துல ரெண்டு நாளு. எனக்கு நர்ஸு வேல தெரியாது. ஆனா அந்தப் பெட்டி முன்னால நிக்கவளுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

என் கை இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. பியூலா அழுதாள். பிறகு அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கு அந்தப் படிப்பு பிடிச்சிருக்கா?"

பதினெட்டு வருடத்தில் என்னிடம் நேராகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி என்று சொன்னால் அது அநியாயம். பசிக்கிறதா, தலை வலிக்கிறதா என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது.

"ரொம்பப் பிடிச்சிருக்கும்மா." வாயும் சொன்னது, கையும் சொன்னது.

"அத என்கிட்ட சொல்லுததுக்கு என்னட்டி? நான் என்ன புலியா?"

ஆசீர் பதில் சொல்ல வாயெடுத்தான், அப்பா அவன் தொடையைக் கிள்ளிவிட்டார்.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். பாவாடைக்கு அடியில் கிடந்து கசங்கிப்போயிருந்தது. அம்மா அதை மேசையில் வைத்துக் கையால் தேய்த்துத் தேய்த்து நேராக்கி, முதல் கையெழுத்தைப் போட்டாள். ரூபி வேதமுத்து. அடுத்து அப்பா.

நான் அம்மாவைக் கெட்டியாகக் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அதற்கும் பழக்கமில்லை. "விடுட்டி, வேர்க்குது" என்றாள், ஆனால் அவளும் விடவில்லை.

மே 29, வெள்ளி

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. நாலு நாள் உப்பையும் இன்றைக்கே போட்டுவிட்டாள் போல.

மே 31, ஞாயிறு

ஐயரம்மா வழக்கம்போலக் கன்னத்தைப் பிடித்தார். "என்ன நர்ஸம்மா?" நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "நர்ஸம்மா இவ இல்ல ஐயரம்மா, நாந்தான்" என்றாள். ஐயரம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

நான் நர்ஸ் பிள்ளை இல்லை. ஆனால் நான் பயந்தது போல ஒன்றும் கழன்று விழுந்துவிடவில்லை. அம்மா பிள்ளை, அப்பா பிள்ளை, ஆசீருக்கு அக்கா, பியூலாவுக்குக் குரல். பாட்டு நேரத்தில் கண்ணை மூடிப் பார்த்தேன். ஆண்டவர் கோபமாக இருக்கிறதாகத் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை அவரிடம் சொன்னேன்.

ஜூன் 4, வியாழன்

பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்பா தெருவில் விசில் ஊதினார். நாய்களுக்குப் பழகிவிட்டது.

ஜூன் 8, திங்கள்

அம்மாவுக்கு இன்று ஆஸ்பத்திரியில் முதல் நாள். காலை ஐந்து மணிக்கே குளித்துவிட்டாள். எந்தச் சேலை கட்டுவது என்று ஆறு சேலையை எடுத்துப் போட்டாள், கொடி முழுக்க மறுபடியும் அம்மா சேலை. கடைசியில் வெள்ளையில் நீலப் பூப் போட்டதைக் கட்டிக்கொண்டு போனாள். நானும் பியூலாவும் வகுப்புக்குப் போய்விட்டு வந்து, அம்மா இல்லாத வீட்டில் ரசம் வைத்தோம். ஒன்றரை மணிக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன்.

"ஒரு பிள்ள கெடக்கு எப்சி. இத்தனூண்டு. அதோட தாய்க்கு இருபது வயசுகூட இருக்காது. சாப்பிட மாட்டேங்கா. பக்கத்துல உக்காந்து நாலு வாயி ஊட்டி விட்டுட்டு வந்தேன்."

"உள்ள உடனே விட்டாங்களாம்மா?"

"எங்க விட்டான்? வாச்மேன் புதுப் பையன், மறிச்சிட்டான். யாரப் பாக்கணும், ஒங்க பிள்ள எந்த வார்டுன்னு கேட்டான்." அம்மா தண்ணீரைக் குடித்து முடித்தாள். "எம் பிள்ள பொழச்சி வீட்டுக்குப் போயி பதினெட்டு வருசமாச்சு தம்பி, திரும்பி வாரேன்னு சொல்லிட்டுப் போனவ நாந்தான், இப்பத்தான் வர முடிஞ்சிதுன்னு சொன்னேன். கேட்டத் தொறந்துட்டான்."

பியூலா என் முழங்கையைத் தட்டினாள். என்ன, என்ன என்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.